மூன்றுக்குப் பூஜ்ஜியம்

முதல் ஆட்டம் தம்பினில். ஐந்து வாங்கினேன்.
"வாங்கினோம்" என்று திருத்தினான் லோகேஸ்வரன்,
பஸ் ஜன்னலுக்கு வெளியே காலுறையைப் பிழிந்தபடி.
சரி, வாங்கினோம்.
ஆனால் வலைக்குள் குனிந்து
பந்தைப் பொறுக்கியது நான்.

அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறாள்.
செம்பனைக் குலை விழுந்து சிதறியதும்
முள்ளுக்கும் மட்டைக்கும் நடுவே விரல் விட்டு,
ஒவ்வொன்றாய்.
மூட்டைக்கு இவ்வளவு வெள்ளி என்று கணக்கு.
ஆட்ட நாளில் நான் செருப்பைக் கழற்றுமுன் கேட்பாள்:
"இன்னிக்கு எத்தன?"
"நாலும்மா."
"எனக்கு ஆறு மூட்ட."
ஏதோ இருவரும்
ஒரே மண்டோரிடம் பேர் கொடுத்தவர்கள் போல.

கெமாஸ். ரொம்பின். சிரம்பானில் இரண்டு முறை.
ஏழு வாங்கினால் வலிக்காது, ஒரு சிரிப்பு வரும்.
ஒன்றில் தோற்கும்போதுதான்
விடியும் வரை அந்த ஒன்று
கூரைத் தகரத்தில் உருண்டுகொண்டே இருக்கும்.

குலசேகரன் சார் எங்களுக்கு வயரிங் பாடம் எடுப்பவர்,
வேறு ஆள் இல்லாததால் பயிற்சியாளர்.
வெண்பலகையில் அணியை வரைந்து
இடது மூலையைத் தட்டுவார்:
"இங்க அறுந்திருக்கு. அதான் கரண்ட் போகல."
அறுந்த இடம் சர்வின்.
ஆறாம் ஆட்டத்தோடு சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.
எட்டாம் எண் சட்டையைத் துவைத்து, மடித்து,
பிளாஸ்டிக் பையில் போட்டு
கல்லூரி கேட்டில் மாட்டியிருந்தான்.

ஃபைருஸுக்கு எண்ணெய் ஆலையில் இரவு வேலை.
இடைவேளையில் என் கம்பத்தில் சாய்ந்து
உட்கார்ந்தவாக்கில் தூங்குவான்.
கோல் போட வேண்டியவன் அவன்தான்.
அந்த ஆண்டு முழுக்க எங்களுக்கு விழுந்தது ஒரே கோல்,
அதுவும் எதிரணிக்காரன்
தன் வலைக்குள் தானே தட்டிவிட்டது.
அதற்கும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

கடைசி ஆட்டம் பாகாவில், எங்கள் திடலில்.
மூன்று நாள் மழை.
பத்து கிக்கிரில் சாலை தண்ணீருக்குள்,
கோலப் பிலா பஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
நடுவர் அரைமணி நேரம் பார்த்தார்,
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினார்:
மூன்றுக்குப் பூஜ்ஜியம்.
வராத அணி தோற்ற அணி.
கோல் போட்டவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் தயங்கி
ஒரு கோடு இழுத்தது.

வென்றுவிட்டோம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
லோகேஸ்வரன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்,
திரும்பவும் கட்டினான்.

"ஷிஃப்ட் மாத்திட்டு வந்தேன்லா" என்றான் ஃபைருஸ்,
பந்தை நடுவட்டத்துக்கு உதைத்தான்.
ஆறு பேர், ஐந்து பேர் எனப் பிரிந்தோம்.
அந்தப் பக்க வலைக்கு ஆள் இல்லை.
குலசேகரன் சார் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
ஆபீஸ் சப்பாத்தோடு போய் நின்றார்.

இருட்டும் நேரம் வந்தது அது.
ஃபைருஸ் இடது காலால்;
நான் சரியாகத்தான் பாய்ந்தேன்,
விரல் நுனியில் பட்டும் போனது.
கைகளை விரித்துக் கத்திக்கொண்டு ஓடினான்,
கொடிக்கம்பம் தாண்டி, கால்வாய் தாண்டி,
செம்பனை நிரைக்குள்ளேயே போய்விட்டான்.
உள்ளிருந்து குரல் மட்டும் கேட்டது.
சேற்றில் கிடந்தபடி பார்த்தேன்:
எங்கள் ஆள் கோல் போட்டால்
இப்படித்தான் இருக்குமா.

வீட்டில் அம்மா காலையிலிருந்து சும்மா இருந்தாள்.
மழை, வேலை இல்லை.
"இன்னிக்கு எத்தன?"
"ஒண்ணுமில்லம்மா. ஜெயிச்சிட்டோம்."
"எனக்கும் ஒண்ணுமில்ல."
துண்டை நீட்டியவள்
என் காலைப் பார்த்துக் கேட்டாள்:
"ஒண்ணுமில்லன்னா
முட்டியில ஏதுடா இவ்வளவு மண்ணு?"